‘சிபில் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்களா? அடுத்து நீங்கள் கேட்க வேண்டியவை

என் தங்கை வீட்டோடு சேர்ந்து ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். போன வருடம் இரண்டு புது மெஷின் வாங்க ஒன்றரை லட்ச ரூபாய் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். மேனேஜர் பான் எண்ணைத் தட்டினார், கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், அப்புறம் சொன்னார்: “உங்களுக்கு சிபில் இல்லம்மா.”

“இல்லன்னா எப்படி சார்? கம்மியா இருக்கா, எதுவுமே இல்லையா?” என்று நான் கேட்டேன்.

“சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

வெளியே வந்ததும் தங்கை, “நான் ஒரு டியூகூட விட்டதில்லையேண்ணா” என்றாள். கடன் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைவிட, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டது போன்ற கூச்சம்தான் அவள் முகத்தில் அதிகம் தெரிந்தது. அந்தக் கூச்சத்தோடு வீட்டுக்குப் போய், அப்படியே மீட்டர் வட்டிக்காரரிடம் கை நீட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன். “சிபில் இல்லை” என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. அவர்கள் திரையில் என்ன பார்த்தார்களோ அதை நீங்களும் பார்க்கலாம். ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். திருத்தத் தாமதித்தால் நாளுக்கு இவ்வளவு என்று இழப்பீடும் வாங்கலாம். எல்லாமே இந்தியச் சட்டத்திலும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுகளிலும் இருப்பவைதான். அவற்றை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

சிபில் என்பது யார்?

நகல் எடுப்பதையெல்லாம் ‘ஜெராக்ஸ்’ என்று சொல்லிப் பழகியதைப் போலத்தான் கடன் மதிப்பெண்ணையெல்லாம் ‘சிபில்’ என்கிறோம். சிபில் என்பது, யார் கடன் வாங்கினார், எப்படித் திருப்பிக் கட்டினார் என்ற விவரத்தைத் திரட்டி வைக்கும் ஒரு ‘கடன் தகவல் நிறுவனம்’; 2000-இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். இதே வேலையைச் செய்யும் இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு: எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். நான்கும் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு, 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் நடப்பவை. வங்கிகளும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் உங்கள் கடன் விவரத்தை இந்த நான்குக்குமே அனுப்பியாக வேண்டும்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் இந்த மதிப்பெண் 300-லிருந்து 900 வரை இருக்கும். நான்கு நிறுவனங்களும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால் ஒன்றில் 710, இன்னொன்றில் 745 என்று வருவது சகஜம்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது சிபில் அல்ல, வங்கிதான். சிபில் தருவது தகவல் மட்டும்தான். “சிஸ்டம் எடுக்கல” என்று சொன்னாலும், அந்த சிஸ்டத்தில் எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே வேண்டாம் என்று எழுதி வைத்தது அந்த வங்கியேதான். எனவே காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பும் வங்கியுடையதுதான்.

விண்ணப்பம் இல்லாமல் மறுப்பும் இல்லை

நம் ஊர்க் கிளைகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? விண்ணப்பத்தையே வாங்காமல், பான் எண்ணை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். காகிதத்தில் பார்த்தால் நீங்கள் கடன் கேட்கவே இல்லை, அவர்கள் மறுக்கவும் இல்லை. அப்புறம் எதைக் காட்டி விளக்கம் கேட்பது?

அதனால் முதல் வேலை, விண்ணப்பத்தை முறைப்படி கொடுப்பது. படிவத்தைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகை தருவதும், எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்று தெரிவிப்பதும் வங்கியின் கடமை. கிளையில் வாங்க மறுத்தால் வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ விண்ணப்பியுங்கள். அங்கே ஒரு விண்ணப்ப எண் கண்டிப்பாக வரும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு கடன் விண்ணப்பத்துக்கும் உங்கள் கடன் விவரம் அடங்கிய அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள், அது ‘விசாரணை’ என்று பதிவாகும். குறுகிய காலத்தில் பல விசாரணைகள் வரிசையாக இருந்தால், பணத்துக்கு ரொம்ப முடை போலிருக்கிறது என்று அடுத்த வங்கி யோசிக்கும்.

எழுத்தில் காரணம் கேளுங்கள்

ரிசர்வ் வங்கி 2003-இல் வெளியிட்ட நியாயமான நடைமுறை நெறிகள், கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணங்களை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்கின்றன. முதலில் அது 2 லட்ச ரூபாய் வரையிலான சிறு கடன்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2007-இல் தொகை வரம்பை எடுத்துவிட்டு எல்லா வகைக் கடனுக்கும், கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கும் விரித்தார்கள். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் இதே மாதிரி விதி உண்டு.

இரண்டாவது, 2005 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. கடனுக்கு விண்ணப்பித்த எவரும், அந்தக் கடன் நிறுவனம் தன்னைப் பற்றி வாங்கிப் பார்த்த கடன் தகவலின் நகலைக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். சிறு கட்டணம் கேட்கலாம், அவ்வளவுதான். இந்தப் பிரிவைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வங்கி ஊழியர்கள் சிலருக்கே தெரியாது. அதனால் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

நான் தங்கைக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இது. இடைவெளிகளை நிரப்பி அப்படியே பயன்படுத்தலாம்.

“பொருள்: கடன் விண்ணப்பம் எண் ____ நிராகரிக்கப்பட்டதற்கான காரணமும், கடன் தகவல் அறிக்கையின் நகலும் கோருதல்.

ஐயா / அம்மா,

நான் ____ அன்று தங்கள் கிளையில் ரூ.____ கடனுக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று ____ அன்று வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் நியாயமான நடைமுறை நெறிகளின்படி, நிராகரிப்புக்கான முக்கியக் காரணங்களை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மேலும், 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், பிரிவு 21-இன்படி, என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தாங்கள் பெற்ற கடன் தகவல் அறிக்கையின் நகலைத் தருமாறு கோருகிறேன். அதற்குக் கட்டணம் இருப்பின் செலுத்தத் தயாராக உள்ளேன்.”

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் ‘பதிவு’ வசதியோடு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டால் தேதிக்கு இன்னொரு சாட்சி ஆகும்.

அரசுடைமை வங்கி என்றால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை. 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் சொந்த விண்ணப்பக் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் வங்கிக்கும் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் இது பொருந்தாது.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுங்கள்

வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே இதையும் செய்துவிடுங்கள். 2017 ஜனவரி 1 முதல், நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பெண்ணோடு கூடிய முழு அறிக்கையை ஒவ்வொருவருக்கும் இலவசமாகத் தர வேண்டும். அதாவது வருடத்துக்கு நான்கு இலவச அறிக்கைகள் உங்களுக்கு உண்டு.

நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். முகப்பில் மாதச் சந்தா, வருடச் சந்தா என்று பணம் கட்டும் திட்டங்கள்தான் பெரிதாகக் கண்ணில் படும். ஆண்டு இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி எடுங்கள்; அதைத் தளத்தில் எளிதாகத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டிருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசி எண் கொடுத்து ஓ.டி.பி. போட்டால் கிடைத்துவிடும். இந்த வருட இலவசம் தீர்ந்துவிட்டால், காசு கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும்.

“அடிக்கடி பாத்தா சிபில் குறையும்” என்று சொல்வார்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடனுக்காக வங்கி எடுத்துப் பார்ப்பதுதான் விசாரணைக் கணக்கில் சேரும்.

இலவசமாக மதிப்பெண் காட்டும் செயலிகள் நிறைய உண்டு. எண்ணைத் தெரிந்துகொள்ள அவை போதும். ஆனால் அவற்றில் பல, உங்களைக் கடன் விளம்பரத்துக்கு அழைக்க அனுமதி வாங்கிக்கொண்டுதான் காட்டுகின்றன. தப்பைக் கண்டுபிடிக்க முழு அறிக்கைதான் வேண்டும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், பார்க்க வேண்டிய இடங்கள் குறைவுதான்.

முதலில் பெயரும் பான் எண்ணும். நம்மவர்களுக்கு இங்கேதான் ஒரு தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ‘மு. செல்வி’ என்றிருக்கும், பான் அட்டையில் ‘முருகன் செல்வி’ என்று விரிந்திருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிக் கணக்கில் இனிஷியலே மாறியிருக்கும். இப்படி மூன்று விதமாக ஒருவருடைய பெயர் போய்ச் சேர்வதால், உங்கள் கடன் இரண்டு கோப்பாகப் பிரிந்து கிடக்கலாம். இல்லை, அதே பெயரும் பிறந்த தேதியும் உள்ள இன்னொருவரின் கடன் உங்கள் கோப்பில் வந்து உட்கார்ந்திருக்கலாம். பெயர், பிறந்த தேதி, பான், பழைய முகவரிகள் எல்லாவற்றையும் ஒரு முறை நிதானமாகச் சரிபாருங்கள்.

அடுத்தது கணக்குகள். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு கடனும் தனித்தனியாக இருக்கும். எந்த நிறுவனம், எந்தத் தேதி, எவ்வளவு, இன்று பாக்கி எவ்வளவு, அதில் தேதி தாண்டியும் கட்டாத நிலுவை எவ்வளவு, எப்போது முடிந்தது என்று வரும். நகைக்கடன், குழுக் கடன், கடையில் தவணைக்கு எடுத்த கைபேசி எல்லாமே இதில் சேரும். நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், இங்கே கணக்கு இன்னும் திறந்தே கிடக்கும்.

ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். டியூவை எத்தனை நாள் தாமதமாகக் கட்டினீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. 000 என்றால் சரியான தேதியில் கட்டியிருக்கிறீர்கள். 030 என்றால் 30 நாள் தாமதம். மூன்று பெருக்கல் குறிகள் போல இருந்தால் அந்த மாத விவரத்தைக் கடன் நிறுவனம் அனுப்பவில்லை என்று அர்த்தம். அது உங்கள் தப்பில்லை. தங்கையின் அறிக்கையில், 2019-இல் தவணைக்கு எடுத்த ஒரு ஃபிரிட்ஜ் கடனில், முதல் கட்டத்திலிருந்து கடைசித் தவணை மாதம் வரை 000, 000 என்றே வந்தது. கடன் முடிந்ததற்குப் பிந்தைய மாதங்களில் மட்டும் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போனது. நிலுவை என்ற இடத்தில் 413 ரூபாய். எல்லாத் தவணையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழும் வாங்கி, ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாள். அந்த 413 ரூபாய் என்ன கணக்கு என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கணக்கின் நிலை என்று ஒரு இடம் உண்டு. அதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒன்று ‘செட்டில்டு’. மொத்தத்தில் இவ்வளவு கட்டிவிடு, மீதியை விட்டுவிடுகிறோம் என்று பேசி முடித்த கடன் அது. வசூலுக்கு வருகிறவர் “செட்டில்மென்ட் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும்” என்பார். தொல்லை முடியும், ஆனால் அறிக்கையில் அது முழுசாகக் கட்டாத கடன் என்றுதான் நிற்கும். அப்படி ஒரு வழிக்குப் போவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டு போங்கள். இன்னொன்று ‘ரிட்டன் ஆஃப்’. இதைச் செய்தித்தாள்கள் ‘தள்ளுபடி’ என்று எழுதிவிடுகின்றன. நாமும் கடன் போச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். இது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் மாற்றம்தான். நீங்கள் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும், அறிக்கையில் பெரிய கறையாகவும் இருக்கும். அரசு அறிவிக்கும் கடன் தள்ளுபடி வேறு, இது வேறு.

ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்களும் உங்கள் அறிக்கையில் வரும். சித்தப்பா மகன் வண்டிக் கடனுக்கு ஒரு கையெழுத்துதானே என்று போட்டிருப்பீர்கள். அவர் டியூ விட்டால் அது உங்கள் கோப்பிலும் ஏறும். இது தப்பான பதிவு இல்லை, திருத்தவும் முடியாது. அவரைக் கட்ட வைப்பது மட்டும்தான் வழி.

கடைசியாக விசாரணைப் பட்டியல். நீங்கள் கடனே கேட்காத நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்திருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் வாங்க முயன்றிருக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து, யாராவது உங்கள் அறிக்கையை எடுத்தால் கடன் தகவல் நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். டியூ தவறியதாகப் பதிவு அனுப்பும்போது வங்கியும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய கைபேசி எண்தான் வங்கியில் இருக்கிறது என்றால் உடனே மாற்றுங்கள்.

தப்பு இருந்தால்

எந்த நிறுவனத்தின் அறிக்கையில் தப்பு இருக்கிறதோ, அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியுங்கள். கட்டணம் இல்லை. எந்தக் கணக்கு, எந்த இடம் தப்பு, சரியானது எது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். “என் சிபில் தப்பாக இருக்கிறது” என்று மொத்தமாக எழுதினால் வேலைக்கு ஆகாது. அதே நாளில் அந்தக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். ஏனென்றால் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்ற முடியாது. கடன் கொடுத்தவர் “ஆமாம், தப்புதான்” என்று திருத்திய விவரத்தை அனுப்பினால்தான் மாறும். நான்கு அறிக்கையிலும் ஒரே தப்பு இருந்தால் நான்கு இடத்திலும் பதியுங்கள்.

நிலுவை இல்லை என்ற சான்றிதழ், கடைசித் தவணை போன வங்கிக் கணக்குப் பக்கம், கடன் கணக்கின் முழு விவரப் பட்டியல், இவை மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான சண்டை அங்கேயே முடிந்துவிடும். சான்றிதழ் தொலைந்துவிட்டால் கடன் நிறுவனத்திடம் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் முதன்முதலில் புகார் கொடுத்த நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். 2023 அக்டோபர் 26-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு, ஆறு மாதம் கழித்து 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 30 நாளுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள், மீதி கடன் தகவல் நிறுவனத்துக்கு. 30 நாள் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு. யாரால் தாமதமோ அவர் தர வேண்டும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் அது உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். அதற்காகவே புகாரில் உங்கள் கைபேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு அல்லது யு.பி.ஐ. விவரத்தைச் சேர்த்துக் கொடுங்கள்.

திருத்த மறுத்தாலும் சும்மா மறுக்க முடியாது, ஏன் மறுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். “என் மதிப்பெண் ஏன் 640, ஏன் 700 இல்லை” என்று கணக்குப் போடும் முறையைப் பற்றிய புகாருக்கு இந்த இழப்பீடு கிடையாது. மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் பதிவுகளைச் சரிசெய்தால் மதிப்பெண் தானாக ஏறும்.

உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருந்தால், மேற்சொன்ன புகாரோடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்து அதன் நகலை இணையுங்கள். அதற்கான உதவி எண் 1930.

30 நாள் ஆகியும் அசையவில்லையா?

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். வங்கிகளும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் 2021 நவம்பரிலிருந்து இந்த ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. கடன் தகவல் நிறுவனங்களை 2022 செப்டம்பரில் சேர்த்தார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் ‘சி.எம்.எஸ்.’ என்ற புகார்த் தளத்தில் பதியலாம். இணையம் பழக்கமில்லை என்றால் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப் புகார்ப் பிரிவுக்குக் கடிதமாகவே அனுப்பலாம். வழி கேட்க 14448 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராமலோ, வந்த பதில் திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். நேரடியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கேதான் நீங்கள் சேர்த்து வைத்த முத்திரையும், தபால் ரசீதும், புகார் எண்ணும் கை கொடுக்கும். 30 நாள் முடிந்தபின் தள்ளிப்போடாமல் போங்கள், இதற்கும் காலக்கெடு உண்டு.

“எனக்குக் கடன் கொடுக்கச் சொல்லுங்கள்” என்று குறைதீர்ப்பாளரிடம் கேட்க முடியாது. யாருக்குக் கொடுப்பது என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் அவர் தலையிடமாட்டார். காரணம் சொல்லவில்லை, அறிக்கையின் நகல் தரவில்லை, தப்பைத் திருத்தவில்லை, இழப்பீடு தரவில்லை என்று இப்படிக் கேளுங்கள்.

கடனே வாங்காதவர்களுக்கு

வாழ்க்கையில் கடனே வாங்காதவருக்கும் “சிபில் இல்லை” என்ற அதே பதில்தான் வருகிறது. இது குறைந்த மதிப்பெண் அல்ல. உங்கள் கடன் வரலாறு இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் பொருள். அறிக்கையில் மைனஸ் ஒன்று என்றோ வரலாறு இல்லை என்றோ வரும். முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் கடனுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கவில்லை என்று நிதி அமைச்சகமும் நாடாளுமன்றத்தில் அதே ஆண்டு தெரிவித்தது. கல்விக்கடன் கேட்கும் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். மேனேஜரிடம் இதை மரியாதையாக, ஆனால் தேதியோடு சொல்லுங்கள்.

காசு கொடுத்தால் அழித்துத் தருகிறோம் என்பவர்கள்

‘சிபில் ஏற்றித் தரப்படும்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்தக் காசு வேண்டாம். அவர்கள் வாங்குவது உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. மூன்றையும்தான். அதை வைத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கையின் புகார் 36-ஆவது நாள் தீர்ந்தது. ஃபிரிட்ஜ் கடன் முடிந்தது என்று மாறி, நிலுவை பூஜ்யமானது. இழப்பீடு அதுவாக வரவில்லை. தேதிகளைக் காட்டி இன்னொரு மின்னஞ்சல் போட்ட பிறகு ஆறு நாளுக்கு 600 ரூபாய் வந்தது. புதிய அறிக்கையின் அச்சுப் பிரதியோடு அதே கிளைக்கு அவள் தனியாகவே போனாள். மேனேஜர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, “எத்தனை நாள்ல சொல்வீங்க சார்?” என்று அவள் கேட்டதும், ஒப்புகைச் சீட்டில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.